கியர் பாக்ஸுக்குள்ள ஒரு அரக்கு நூல்

சரவணனுக்கு அம்மா எழுதறது. உடம்பு நல்லாத்தான் இருக்குது, மனசுதான் கொதிச்சிகினு இருக்குது. போன்லயே சொல்லிடலாம்னு மூணு தடவை போட்டேன். மூணு தடவையும் "வேலையா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சிட்ட. நீ சொன்ன அந்த அப்புறம் இன்னும் வரல. அதான் லேத்துக் கடையை அரை நாள் சாத்திட்டு உக்காந்து எழுதறேன். கவரை ஒட்டப் போறதில்ல. நீ கட்டிக்கப் போற தேன்மொழி கையில கிடைச்சா அவ படிக்கட்டும். உன் கேரேஜ்ல வேலை செய்யறவங்க படிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. மறைச்சு மறைச்சுதான் இந்த வீட்டுல இவ்ளோ பேஜார் ஆச்சு, இனிமே மறைக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல, ஆசையும் இல்ல.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செவ்வாக்கிழமை நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். முதல் தடவை சரியா காதுல விழலியோன்னு நெனைச்சேன், நாலாவது தடவையும் அதேதான் சொல்லிகினு இருந்த. டாக்டர் ஐயாவோட ரெண்டாவது வண்டி வந்திருக்குது, அந்தப் பச்சைக் கலரு, அதுலயும் முதல் கியர் போச்சு, பழைய சாமானை பஸ் பார்சல்ல போட்டிருக்கேன், போன தடவை செஞ்ச மாதிரியே ஒரு செட்டு ஜல்தியா செஞ்சு குடும்மா. சரி. அது வரைக்கும் சந்தோஷமாத்தான் கேட்டேன். அப்புறம் சொன்ன பாரு, "இந்த தடவை நூலு கீலு எதுவும் வராம பாத்துக்கோ. இங்கிலாந்துல இருந்து வந்த பழைய பெட்டி ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், அதுல போட்டுக் குடுத்துடறேன். கல்யாணத்துக்கு ஐயா வராரு, அவருகிட்ட லேத்து, கடைன்னு பேசிகினு இருக்காத. கையில மருதாணி வெச்சுக்கோம்மா, நகம் தெரியாது." மருதாணியாம்! இந்த வயசுல எனக்கு மருதாணி வெச்சு அழகு பாக்கணும்னு உனக்கு ஆசை வந்திருந்தா நான் ரெண்டு கையையும் நீட்டியிருப்பேன்டா. என் நகத்துல இருக்கற கிரீஸை மூடறதுக்கு மருதாணியா?

தேன்மொழிக்குப் புரியணும்னு முதல்ல இருந்து சொல்றேன். நீ அவகிட்ட எப்படிச் சொல்லி வெச்சிருக்கியோ எனக்குத் தெரியாது. அம்மா தேன்மொழி, இவன் சென்னையில பழைய கார்ங்களைப் பிரிச்சு மறுபடியும் ஓட வைக்கற கேரேஜ் வெச்சிருக்கான், அது உனக்கே தெரியும். போன வருஷம் ஆடி மாசம் ஒரு கோணிப்பையைத் தூக்கிகினு ஆற்காட்டுல பஸ் மாறி ஆரணிக்கு வந்து இறங்கினான். முகம் செத்துப் போயிருந்தது. பையில இருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட கியர் பாக்ஸ் சாமான். ரெண்டே பேர் உக்கார்ற சிவப்பு வண்டி, மேல தகரம் கிடையாது, துணிக்கூரை. என்னைவிட வயசு அதிகம் அந்த வண்டிக்கு. கண் டாக்டரா இருந்து ரிடையர் ஆன ஒரு ஐயாவோடது. முதல் கியர் போட்டா கரகரன்னு கத்துது, ரெண்டாவது போட்டா தானா கழண்டு வெளியே வந்துடுது. இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டு சாமான் வரவழைச்சிருக்கான். மூணு மாசம் கழிச்சு வந்தது, பாத்தா வேற வருஷத்து வண்டியோடது, பொருந்தல. மறுபடியும் கேட்டா அந்த அளவு இப்ப கைவசம் இல்லைன்னு பதில் வந்திருக்குது. டாக்டர் ஐயாவுக்கு வாக்கு குடுத்த நாள் தாண்டிப் போச்சு. லேத்து பக்கத்துல இருக்கற முக்காலியில உக்காந்து, தலையைத் தொங்கப் போட்டுகினு, "செய்ய முடியுமாம்மா?"ன்னு கேட்டான். அப்ப உனக்கு என் நகம் அசிங்கமா தெரியல இல்ல, சரவணா?

நான் ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். அந்தக் காலத்து வண்டியில முதல் கியருக்கு மட்டும் வேகத்தைச் சமன் பண்ற பித்தளை வளையம் கிடையாது. வண்டி முழுசா நின்னப்புறம்தான் அதைப் போடணும். அது தெரியாம எவன் எவனோ இத்தினி வருஷமா வண்டி உருளறப்பவே அடிச்சுத் திணிச்சிருக்கான். பல்லோட முனையெல்லாம் எலி கடிச்ச தேங்காய் மாதிரி இருந்தது. கீழே இருக்கற ஷாஃப்ட்டுல அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா. ரெண்டாவது கியரோட பித்தளை வளையம் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிட்டிருந்தது, அப்படி இருந்தா அது எதைப் பிடிக்கும், எதை நிறுத்தும்? நீ "முடியாதுன்னா சொல்லிடும்மா"ன்னு சொன்ன. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. "சோறு தின்னுட்டு தூங்குடா, காலையில பேசலாம்"னு சொன்னேன். ஆனா அப்பவே மனசுக்குள்ள கணக்கு போட ஆரம்பிச்சுட்டேன்.

வெளியூர்ல ஆரணின்னா பட்டு, பட்டுன்னா கைத்தறின்னு நெனைச்சுகினு இருக்காங்க. பவர்லூம் எத்தினி ஓடுதுன்னு யாருக்குத் தெரியும். ஒரு தறியில பல்லு உடைஞ்சா அது என் கடைக்குத்தான் வருது, அரிசி மில்லுல உடைஞ்சாலும் இங்கதான் வருது. அந்தப் பழைய தறிங்க எல்லாம் இங்கிலீஷ்காரன் போட்ட அங்குல அளவுடா. அதுக்குன்னு உங்கப்பா சேத்து வெச்ச பல்லு வெட்டற கட்டர் பெட்டி நம்ம பரண்லயே இருந்தது. எடுத்து தூசி தட்டி அளந்து பாத்தா, ஒண்ணு அப்படியே உன் காரு பல்லுக்குப் பொருந்திடுச்சு. நீ மூணு மாசம் காத்துகினு இருந்த இங்கிலாந்து அளவு உன் தலைக்கு மேல பரண்ல கிடந்தது. அன்னிக்கு நீ குதிச்ச குதி எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

வேலை லேசா ஒண்ணும் நடக்கல, அதையும் சொல்லிடறேன். பழைய கியரோட கடிபட்ட பல்லை மட்டும் கடைஞ்சு எடுத்துட்டு, புது இரும்புல வளையம் செஞ்சு, அதுல முப்பத்திரெண்டு பல்லு வெட்டி, பழைய நடுப்பாகத்து மேல ஏத்தறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு பல்லு வெட்டி முடிச்சா மெஷின் கைப்பிடியை ஒரு முழுச் சுத்து, அதுக்கு மேல ஒரு கால் சுத்து சுத்தணும், அப்பதான் அடுத்த பல்லு இடத்துக்கு வரும். பதினேழாவது பல்லுல எதிர்வீட்டு அக்கா வந்து நின்னுகினு, "உன் பையனுக்குப் பொண்ணு பாத்தீங்களாமே, இன்னா படிச்சிருக்குது?"ன்னு கேட்டா. தேன்மொழி, உன் படிப்பை பெருமையா சொல்லிகினே அந்தக் கால் சுத்தை விட்டுட்டேன்மா. பல்லு பாதியா வந்துடுச்சு, வளையம் பாழ். நானே என்னைத் திட்டிகினு மறுநாள் புது இரும்புல திரும்ப ஆரம்பிச்சேன். அப்ப இருந்து பல்லு வெட்டறப்ப கடை வாசல்ல ஸ்டூலைக் குறுக்கப் போட்டுடறேன், அக்கா கோவிச்சுகினாலும் பரவாயில்ல.

வெட்டின வளையத்தை நெருப்புல காய்ச்சி கெட்டிப்படுத்தற ஹார்டனிங் வேலைக்காக, துணியில சுத்தி மடியில வெச்சுகினு ராணிப்பேட்டைக்கு பஸ்ஸுல போனேன். பக்கத்துல உக்காந்த அம்மா துணியை விலக்கிப் பாத்துட்டு, "இன்னாம்மா இது, இவ்ளோ கனமா கீது?"ன்னு கேட்டாங்க. "ஒரு வயசான காருக்குப் பல்லு கட்டிகினு இருக்கேன்"னு சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல கண்டக்டரே திரும்பிப் பாத்தாரு. திரும்பி வந்து, வடை சுடற சட்டியில எண்ணெய் காய வெச்சு, வளையத்தை அதுல போட்டு சூடேத்தி, இடுக்கியால எடுத்து பழைய நடுப்பாகத்து மேல ஒரே மூச்சுல இறக்கினேன். ஆறினப்புறம் சுத்தியால தட்டிப் பாத்தேன், ஒரே இரும்பு மாதிரி மணி அடிச்சது. புது ஷாஃப்ட்டும் கடைஞ்சேன், பித்தளை வளையமும் கடைஞ்சேன். சட்டியை மட்டும் திரும்ப அடுப்படிக்குள்ள சேக்கல, பயப்படாத.

இப்ப நூலுக்கு வரேன். அது என் தப்பு. யார் முன்னாடியும் சொல்றேன், என் தப்பு. பஞ்சு வேஸ்ட்டால துடைச்சா தும்பு விடும்னு நம்ம தெருவுல நாங்க பட்டு வேஸ்ட்டாலதான் மெஷினைத் துடைக்கறது. தறியில ஒரு பாவு முடிஞ்சா மிஞ்சி நிக்கற துண்டு நூலை பக்கத்து வீட்டுல மூட்டையா கொண்டாந்து போடுவாங்க. பட்டு தும்பு விடாதுதான், ஆனா ஒரு இழை நீளமா வந்துட்டா எங்க வேணா சுத்திக்கும். அந்த ஷாஃப்ட்டுக்கு ஊசி மாதிரி சின்னச் சின்ன ரோலரை கிரீஸ் தடவி ஒவ்வொண்ணா அடுக்கினேன் பாரு, அப்பதான் என் விரல்ல ஒட்டிகினு இருந்த ஒரு அரக்குக் கலர் இழை உள்ளே போயிருக்கணும். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. அது ரோலருக்குள்ள மாட்டியிருந்தா ஷாஃப்ட்டே நாசமாயிருக்கும், அந்த ஐயா நடுரோட்டுல நின்னிருப்பாரு. சாமி புண்ணியத்துல அது எண்ணெயோட வெளியே வந்து, எண்ணெய் வடிக்கற பிளக்கு காந்தத்துல இரும்புத் தூளோட சுத்திகினு நின்னுடுச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வண்டி முதல் தடவை ஓடின அன்னிக்கு நீ எனக்கு போன் போட்ட, ஞாபகம் இருக்குதா? போனை கியர் கம்பி பக்கத்துல வெச்சு நாலு கியரும் மாத்திக் காட்டின. நான் இங்க லேத்தை நிறுத்திட்டு கேட்டேன். ஒரு உரசல் இல்ல. அப்புறம், "சத்தமே இல்லம்மா"ன்னு சொன்ன. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. உங்கப்பா போட்டோ பக்கம் திரும்பி, "கேட்டீங்களா?"ன்னு கேட்டேன். அந்த ஒரு நாள் சந்தோஷத்துல நான் ஆறு மாசம் ஓட்டினேன்டா.

ஆறாவது மாசம் எண்ணெய் மாத்தின அன்னிக்கு மறுபடியும் உன் போன். "நூலை எப்படிம்மா விட்ட?"ன்னு எடுத்த எடுப்புலயே கத்தற. நான் பதறிப் போய், "ஷாஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?"ன்னு கேட்டேன். "ஷாஃப்ட்டு நல்லாத்தான் இருக்குது. டாக்டர் ஐயா பக்கத்துலயே நின்னாரும்மா. நூலை எடுத்து விரல்ல சுத்திப் பாத்துட்டு, இங்கிலாந்துல அரக்குக் கலர்ல பட்டு நெய்யறாங்களா தம்பின்னு சிரிக்கறாரு. பேக்கிங் நூலுன்னு சொல்லி சமாளிச்சேன்"னு சொன்ன. எனக்குப் புரியல. "எதுக்குடா இங்கிலாந்து?"ன்னு கேட்டேன். "அங்க இருந்து வந்த சாமான்னுதான் அவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்"னு இழுத்த. அப்பதான் எனக்கு விஷயம் விளங்கிச்சு. என்னை அந்த கியர் பாக்ஸுக்குள்ள இருந்தே வழிச்சு எடுத்துட்டு, அங்க ஒரு சீமை கம்பெனியை உக்கார வெச்சிருக்க. ஏன்டா, நூல் மட்டும் என்னுது, பல்லு இங்கிலாந்துதா?

"ஆரணியில ஒரு லேத்துக் கடையில எங்கம்மா செஞ்சாங்கன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க, அவர் போயிட்டா அவரு சிநேகிதங்க வண்டிங்களும் போயிடும்"னு அன்னிக்கு நீ சொன்ன. நான் போனை வெச்சிட்டேன். கோவத்துல வெச்சிட்டேன்னு நீ நெனைச்சிருப்ப. கோவமும் உண்டு. ஆனா வெச்சதுக்குக் காரணம் வேற. அந்தப் பேச்சு நான் பேசின பேச்சு. உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்.

தேன்மொழிக்கு இது தெரியாது, சொல்றேன். இவனுக்குப் பத்து வயசு இருக்கறப்ப இவங்கப்பாவுக்கு வலது கையில ரெண்டு விரல் மெஷின் பெல்ட்டுல போயிடுச்சு. அது வரைக்கும் நான் ராட்டையில பட்டு நூல் சுத்திகினு இருந்தவ. கடையை மூடிடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான், "நீங்க பின்னாடி நின்னு சொல்லுங்க, என் கை செய்யும்"னு லேத்து முன்னாடி போய் நின்னேன். மூணு மாசத்துல அவரு சொல்றதுக்கு முன்னாடியே கை போக ஆரம்பிச்சுடுச்சு. ஆனா வெளியே சொல்லிக்க பயம். பொம்பள கடைஞ்ச பல்லை எவன் வாங்குவான்னு நானே முடிவு கட்டிகினு, என் பழைய புடவை ஒண்ணை நடுவுல திரையா கட்டினேன். அவரு முன்னாடி நாற்காலியில உக்காருவாரு. உள்ளே லேத்து ஓடற சத்தம் கேக்குதே, அதுக்கு இன்னா சொல்றது? வேலூர்ல இருந்து ஒரு ஆளு வராருன்னு சொன்னோம். "யாராவது கேட்டா உள்ளே வேலூர் மாமா வேலை செய்யறாருன்னு சொல்லு"ன்னு உன் கன்னத்தைப் பிடிச்சு நான்தான்டா சொல்லிக் குடுத்தேன். நீயும் எத்தினி அழகா சொன்ன.

ஊரெல்லாம் அந்த வேலூர் ஆளுக்கு எவ்ளோ பேரு தெரியுமா? "வேலூர்காரன் கை சுத்தம்"னு சொல்லுவாங்க, நான் திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டுகினு இருப்பேன். அப்புறம் கையைக் கழுவிகினு, முந்தானையைச் சரி பண்ணிகினு, வீட்டுப் பக்கமா சுத்தி வந்து அவங்களுக்கு டீ குடுப்பேன். "அந்த வேலூர் ஆளுக்கும் ஒரு டீ குடுங்கம்மா, பாவம்"னு சொல்லுவாங்க. ஒரு கிளாஸை எடுத்துகினு உள்ளே போய், லேத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல நின்னுகினு நானே குடிச்சிடுவேன். ஒரு நாள் உங்கப்பா, "எத்தினி நாளைக்கு அந்த வேலூர்காரன் டீயை நீ குடிச்சிகினு இருப்ப? சொல்லிடலாம், வர்றது வரட்டும்"னு சொன்னாரு. நான்தான் ஒத்துக்கல. அவரு சொல்லச் சொன்னாரு, நான் வாயை மூடச் சொன்னேன். இது உனக்குத் தெரியாது இல்ல? அப்பாதான் அம்மாவை ஒளிச்சு வெச்சாருன்னு நீ நெனைச்சுகினு இருந்தா, அந்தப் பாவத்தை இன்னியோட அவரு தலையில இருந்து இறக்கிடு.

உங்கப்பா தவறிப் போன பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு ரெண்டு நாள்தான் இருக்கும். தேவிகாபுரத்துல அரிசி மில்லு வெச்சிருந்தவரு துக்கம் விசாரிக்க வந்தாரு. கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு, தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதம்மா, மில்லு நின்னு போய் கிடக்குது, அந்த வேலூர் ஆளு விலாசம் குடுத்தா நானே போய் பாத்துக்கறேன்"னு கேட்டாரு. எனக்கு உள்ளே எங்க இருந்து வந்ததுன்னு தெரியல. எழுந்து போய் அந்தத் திரையைப் பிடிச்சு ஒரே இழு. கயிறு, ஆணி எல்லாம் சேந்து கையோட வந்துடுச்சு. "நான்தாங்க வேலூர் ஆளு. இந்தப் பத்து வருஷமா உங்க மில்லு என் கையாலதான் ஓடுது"ன்னு சொன்னேன். அவரு என்னைப் பாத்த பார்வையில, பாவம், புருஷன் போன துக்கத்துல புத்தி கலங்கிடுச்சுன்னு இருந்தது. நான் அவரு பையில இருந்த உடைஞ்ச பல்லுச் சக்கரத்தை வாங்கி, அவரு கண்ணு முன்னாடியே மெஷின்ல மாட்டினேன். சாயந்தரம் வரைக்கும் அவரு வாசப்படியை விட்டு நகரல. முடிச்சு கையில குடுத்தப்ப வாங்கிகினு போயிட்டாரு.

அப்புறம் ஆறு மாசம் கடை வாசல்ல ஈ காக்கா இல்ல. மெய்யாதான் சொல்றேன். சில பேர் வந்து எட்டிப் பாத்துட்டு போனாங்க, சில பேர் சிரிச்சாங்க, ஒருத்தரு என் முகத்துக்கு நேராவே, "வேற ஆளு யாரும் இல்லியா?"ன்னு கேட்டாரு. "இல்ல, என்னைப் பிடிக்கலன்னா நடைய கட்டுங்க"ன்னு சொன்னேன். ஆறாவது மாசம் அந்த தேவிகாபுரத்துக்காரரு ஒரு மாட்டு வண்டி சக்கரம் அளவுக்குப் பெரிய கியரை ஆட்டோவுல ஏத்திகினு வந்தாரு. கூட ரெண்டு பேரு. "அம்மாகிட்டதான் குடுக்கணும்னு கூட்டிகினு வந்தேன்"னு சொன்னாரு. அன்னிக்கு அவரு எனக்கு வெச்ச பேரு ஊர்ல இன்னியும் நிக்குது, கியரம்மா. நீ வர்றப்ப ஆட்டோக்காரங்க "கியரம்மா வீடா?"ன்னு கேட்டா உனக்கு முகம் சுருங்குதுன்னு எனக்குத் தெரியும். நான் பாக்கலன்னு நெனைச்சியா?

நான் திரையை இழுத்தப்ப நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. லீவுல வந்தப்ப திரை இல்லாததைப் பாத்த, ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. அங்கதான்டா நான் தப்பு பண்ணிட்டேன். உன்னை எதிர்ல உக்கார வெச்சு, "உனக்கு நான் சொல்லிக் குடுத்த பொய்யை நானே உடைச்சுட்டேன், நீயும் விட்டுடு"ன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. கடையில இருந்த திரை போயிடுச்சு, உனக்குள்ள கட்டினது அப்படியே தொங்கிகினு இருக்குது. நான் வேலூர்னு சொன்னேன், நீ படிச்சவன், இங்கிலாந்துன்னு சொல்ற. அவ்ளோதான் வித்தியாசம். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன், மனசார கேக்கறேன். ஆனா மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லி உன் பெட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவேன்னு மட்டும் நெனைக்காத.

கல்யாணம் ஆகப் போறவனுக்கு அம்மா ஏதாவது சொல்லணும் இல்ல, அதையும் இதுலயே சொல்லிடறேன். நிச்சயத்தன்னிக்கு தேன்மொழி அவளாவே சொன்னா, உன் கேரேஜ்ல வர்ற வண்டிங்களுக்கு வயரிங் படமெல்லாம் அவதான் போட்டுத் தர்றான்னு. கேட்டு எனக்கு எவ்ளோ சந்தோஷம். அப்புறம் உன் கேரேஜ் பத்தி நீ போன்ல போட்டிருக்கற பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். உன் பேரு இருக்குது, கேரேஜ்ல உன் கூட நிக்கற சிநேகிதன் பேரு இருக்குது, அவ பேரு எங்கடா? கல்யாணத்துக்கு முன்னாடியே அவளுக்கும் ஒரு திரை தைக்க ஆரம்பிச்சுட்டியா? பொண்டாட்டிக்கு நகை போடு, போடாத, அது உங்க பாடு. அவ செஞ்ச வேலைக்கு அவ பேரைச் சொல்லு. சொல்லலன்னா உனக்கு முன்னாடி நான் அவ பக்கம் போய் நிப்பேன். தேன்மொழி, நீயும் கேட்டுக்கோ, நான் பண்ண முட்டாள்தனத்தை நீ பண்ணாத. அவனுக்காகன்னு சொல்லிகினு உள்ளே நின்னு டீ குடிக்காத.

அந்த டாக்டர் ஐயாவைப் பத்தி நீ பயப்படறது எனக்குச் சிரிப்பா இருக்குது. ஆயுசு பூரா அடுத்தவங்க கண்ணுக்குள்ள விளக்கு அடிச்சுப் பாத்தவரு அவரு. அரக்குப் பட்டு நூலை விரல்ல சுத்திப் பாத்துட்டு, பேக்கிங் நூலுன்னு நீ சொன்னதை நம்பிட்டுப் போயிருப்பாருன்னா நெனைக்கற? பொய்னு தெரிஞ்சும் ரெண்டாவது வண்டியை உன்கிட்டயே கொண்டாந்து விட்டிருக்காரு பாரு. அவருக்கு வேலை பிடிச்சிருக்குது. உன் பொய்யை அவரு பொறுத்துகினு இருக்காரு, உன் மரியாதைக்காக. ஒருவேளை நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம். உண்மையைச் சொன்னா கோவிச்சுகினு வண்டியை எடுத்துகினு போயிடலாம். போகட்டும். எனக்கும் ஆறு மாசம் யாரும் வரல, நான் செத்தா போயிட்டேன்? உனக்கு சோறு இல்லாம போனா ஆரணியில சோத்துக்கு இன்னா பஞ்சம், ஊரைச் சுத்தி அரிசி மில்லுதான்.

மருதாணி வெச்சுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு நம்ம பக்கத்து வீட்டுத் தறியில நெய்த புடவையைத்தான் கட்டிக்குவேன், அரக்குக் கலரு, பச்சை பார்டரு, சொல்லி வெச்சாச்சு. கையை சோப்பு போட்டுக் கழுவிகினு வருவேன். அதுக்கு மேலயும் நகத்து ஓரத்துல கருப்பு நின்னா அது நிக்கட்டும். அந்தக் கையாலதான் உங்க ரெண்டு பேர் தலையிலயும் அட்சதை போடுவேன். டாக்டர் ஐயா வந்து கும்பிட்டா நானும் கும்பிடுவேன், வண்டி எப்படி ஓடுதுன்னு கேப்பேன், முதல் கியரை வண்டி நின்னப்புறம் போடுங்கன்னும் சொல்லுவேன்.

பச்சை வண்டிக்கு கேட்ட செட்டு நேத்தே முடிஞ்சிடுச்சு. கோவம் உன் மேலதான், வேலை மேல இல்ல. இந்த தடவை பட்டு வேஸ்ட்டைத் தொடவே இல்ல, உங்கப்பா பழைய வேட்டியைக் கிழிச்சு அதால துடைச்சேன். ரோலரை அடுக்கறப்ப பூதக்கண்ணாடி வெச்சு ஒவ்வொண்ணா பாத்தேன். உள்ளே ஒரு இழை கிடையாது, தைரியமா போடலாம். வெளியே துணியைச் சுத்தி அரக்கு நூலாலதான் கட்டி வெச்சிருக்கேன், நாலு முடிச்சு. அதை அவுக்க வேண்டியவரு அந்த ஐயா. நீ அந்த இங்கிலாந்துப் பெட்டியை எடுத்துகினு வராத, வந்தா அதை அடுப்புக்கு வெச்சிடுவேன். பஸ் பார்சல்ல அனுப்பு, ஆளை அனுப்பறேன்னு எந்த சாக்கும் சொல்லாத. அந்தச் சிவப்பு வண்டியிலயே நீயும் அந்த ஐயாவும் கிளம்பி வாங்க, அதுல ரெண்டு பேர் உக்காரலாம் இல்ல? வழியில ஆற்காடு வர்றதுக்குள்ள நீ உன் வாயால அவருகிட்ட சொல்லிடு. நான் சொல்லி அவருக்குத் தெரியறது வேற, நீ சொல்லித் தெரியறது வேற.

தெருமுனையில நீ கியர் மாத்தறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும், நம்ம பல்லோட சத்தம். நீ மட்டும் தனியா பஸ்ஸுல வந்து இறங்கினா வயிறு நெறைய சோறு போடுவேன், கியர் குடுக்க மாட்டேன். அவரைக் கூட்டிகினு வந்தா மூணு டீ போடுவேன். மூணாவது என்னுது. உங்க ரெண்டு பேருக்கும் எதிர்லயே நாற்காலியைப் போட்டு உக்காந்து குடிப்பேன்.

அம்மா